கிட்டார் பெட்டிக்கு ஸ்டூடியோ ஆம்ப்

(பத்தாங் பெர்ஜுந்தாயில் இசைக் குழு இளைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாட்டுப் பதிவு ஸ்டூடியோவிலிருந்து கழற்றி விற்ற ஒரு பவர் ஆம்ப் உங்களிடம் இருக்கிறது. கிட்டாருக்கென்றே செய்த ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கலாமா என்று இந்தப் பக்கத்துக் குழுக்களில் பலர் கேட்கிறார்கள். இணைக்கலாம். நன்றாகவே ஒலிக்கும். கடையில் புதிதாக ஒரு பெரிய கிட்டார் ஆம்ப் வாங்க ஆகும் பணத்தில் சிறு பங்கிலேயே காரியம் முடியும். ஆனால் இணைப்பதற்கு முன் சில கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். அவை தெரியாமல் இணைத்ததால் கருகிய ஸ்பீக்கர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றை வாங்கிய பிள்ளைகள் பலர் ஓவர்டைம் செய்து காசு சேர்த்தவர்கள். அந்தக் காசு புகையாகப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

இந்த ஆம்ப்புகள் பழைய சாமான் சந்தைக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. 1978இல் யமஹா நிறுவனம் என்.எஸ்.10 என்ற சிறிய ஸ்பீக்கரை வெளியிட்டது. வெள்ளைக் கூம்பு வைத்த அந்தப் பெட்டியை உலகமெங்கும் ஸ்டூடியோ மேசைகளில் பார்க்கலாம். அதற்குள் ஆம்ப் கிடையாது. தனியாக ஒரு பவர் ஆம்ப் வைத்துத்தான் அதை ஒலிக்க வைக்க வேண்டும். 2001இல் அதன் உற்பத்தி நின்றது. பிறகு வந்த ஸ்டூடியோ ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை ஆம்ப்பைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருகின்றன. அதனால் பழைய பவர் ஆம்ப்புகளுக்கு ஸ்டூடியோவில் வேலை குறைந்துவிட்டது. கனமான இரும்புப் பெட்டி, உள்ளே பெரிய டிரான்ஸ்பார்மர், பின்னால் இரண்டு சிவப்பு முனை, இரண்டு கறுப்பு முனை. வேலை இல்லாமல் போனாலும் சத்து குறையாத பொருள் அது.

கிட்டாருக்கு ஆம்ப் ஏன் வேண்டும் என்பதை நம் ஊர் வாத்தியங்களிலிருந்தே தொடங்குவோம். நாம் கூடியிருக்கும் இந்த ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். நம் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. இங்கே ஈயக் கப்பல்கள் மண்ணை வாரின. பக்கத்துத் தெனமாராம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை நட்டார். இந்த நாட்டில் வணிகத்துக்காக நடந்த முதல் செம்பனை நடவு அதுதான்.  அந்தத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் பறையும் உறுமியும் தவிலும் நாதஸ்வரமும் வைத்திருந்தார்கள். அவை எதற்கும் மின்சாரம் தேவைப்படவில்லை. தோல் அதிரும், சீவாளி அதிரும், ஊர் கேட்கும்.

மின்கிட்டார் அப்படிப்பட்ட கருவி அல்ல. கம்பியைத் தட்டினால் பக்கத்தில் நிற்பவனுக்கே சரியாகக் கேட்காது. அதன் பாதி உடல் கையில் இருக்கிறது, மறு பாதி ஸ்பீக்கர் பெட்டியில் இருக்கிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். கிட்டார் பெட்டியைச் சத்தம் கூட்டும் சாதனமாக மட்டும் பார்க்காதீர்கள். அதை வாத்தியத்தின் பகுதியாகப் பாருங்கள். தவிலுக்குத் தோல் எப்படியோ, மின்கிட்டாருக்கு அந்த 12 அங்குலக் காகிதக் கூம்பு அப்படி.

நம்மவர்கள் இந்த வாத்தியத்தில் சாதித்தவர்கள். 1969இல் பினாங்கில் தொடங்கிய அல்லிகேட்ஸ் குழுவை டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பிகள் நடத்தினார்கள். மலாய்ப் பாட்டால் இந்த நாட்டில் எல்லா இனத்தார் வீட்டுக்குள்ளும் போனார்கள். லோகநாதன் 2007இல் மறைந்தார். சிங்கப்பூரில் 1992இல் உருவான ருத்ரா குழு வேத மந்திரங்களைக் கனத்த மெட்டல் கிட்டாரோடு சேர்த்தது. பாணி எதுவானாலும் கிட்டாரின் குரல் கடைசியில் ஒரு பெட்டி வழியாகத்தான் வெளியே வரவேண்டும்.

இப்போது பெட்டிகளுக்கு வருவோம்.

ஸ்டூடியோ பவர் ஆம்ப் தன்னிடம் வரும் மின்னலையை மாற்றாமல் பெரிதாக்கித் தரும். 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. அதன் நேர்மை அதுதான். கிட்டார் ஸ்பீக்கர் அதற்கு நேர் எதிர். ஏறத்தாழ 75 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் அது ஒழுங்காகப் பாடும். அதற்கு மேலே சட்டென்று இறங்கிவிடும். இது குறை அல்ல, இப்படி வேண்டுமென்றே செய்கிறார்கள். டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்ஸரில் செருகிப் பெரிய பி.ஏ. ஸ்பீக்கரில் கேட்டவர்களுக்குத் தெரியும், காதை அறுக்கும் ஓர் இரைச்சல் வரும். அந்த இரைச்சல் எல்லாம் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் அதை வடிகட்டிவிட்டு இனிமையை மட்டும் வெளியே விடுகிறது.

அடுத்தது ஓம் கணக்கு. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

ஆம்ப்பின் பின்னால் 8 ஓமில் 100 வாட் என்று போட்டிருந்தால், அது ஏறத்தாழ 28 வோல்ட் வரை தரக்கூடியது என்று அர்த்தம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் வரும். அதே 28 வோல்ட்டை 16 ஓம் பெட்டிக்குக் கொடுத்தால் 50 வாட் கிடைக்கும். 4 ஓம் பெட்டிக்குக் கொடுத்தால் 200 வாட்டை நோக்கி ஏறப் பார்க்கும். அந்த அளவு மின்னோட்டத்தைத் தாங்க ஆம்ப்புக்குச் சக்தி வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒவ்வொன்றுக்கும் இதற்குக் கீழே போகாதே என்று ஓர் எல்லை உண்டு. பின்னால் 4 ஓம் என்று அச்சடித்திருந்தால் 4தான் எல்லை. 2 ஓமில் ஓட்டினால் அன்றைய ராத்திரி சத்தம் கூடும். பால் மரத்தில் கத்தியை ஆழமாக இறக்கினால் அன்றைக்குப் பால் கூடுவது போலத்தான் அது. அடுத்த வாரம் அந்த மரம் என்ன ஆகும் என்று வெட்டியவர்களுக்குத் தெரியும்.

எல்லைக்கு மேலே போவதில் பயமில்லை. 8 ஓம் ஆம்ப்பில் 16 ஓம் பெட்டியைப் போடுங்கள், ஒன்றும் ஆகாது. வாட் பாதியாகும், ஆனால் சத்தம் பாதியாகாது. வாட் பாதியானால் 3 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது சிறிய வித்தியாசம். ஆகவே சந்தேகம் வந்தால் ஓம் கூடுதலான இணைப்பையே எடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர்களைச் சேர்க்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் போட்டால், அதாவது சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு சேர்த்தால், 4 ஓம். ஒன்றின் வால் மற்றதன் தலையில் சேரும்படி தொடர் இணைப்பில் போட்டால் 16 ஓம். பெட்டியின் பின்னால் இரண்டு ஜாக் இருந்து, ஒன்றில் ஆம்ப்பையும் மற்றதில் அடுத்த பெட்டியையும் செருகினால், பெரும்பாலும் அது பக்க இணைப்பு. 8 ஓம் பெட்டி இரண்டு இப்படிச் சேர்ந்தால் ஆம்ப் பார்ப்பது 4 ஓம். மூன்றாவதும் சேர்ந்தால் 2.7 ஓம். மேடையில் இடம் இருக்கிறது, பெட்டி இருக்கிறது என்று மூன்றாவதைச் சேர்க்கிற இடத்தில்தான் ஆம்ப் சூடேறிப் படுக்கும்.

நான்கு ஸ்பீக்கர் போட்ட பெட்டிக்கு மார்ஷல் 1960ஏயை எடுத்துக்கொள்வோம். அதற்குள் செலஸ்டியன் ஜி12டி-75 நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் 75 வாட், ஒவ்வொன்றும் 16 ஓம். மொத்தம் 300 வாட் தாங்கும். பின்னால் உள்ள தகட்டில் மோனோ என்றால் 4 ஓம் அல்லது 16 ஓம், ஸ்டீரியோ என்றால் பக்கத்துக்கு 8 ஓம். இந்த ஸ்டீரியோ வசதி நம் ஸ்டூடியோ ஆம்ப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்திருக்கிறது. ஆம்ப்பின் இடது சேனலை ஒரு பக்கத்துக்கும் வலது சேனலை மறு பக்கத்துக்கும் கொடுங்கள். ஒவ்வொரு சேனலும் 8 ஓமைப் பார்க்கும், ஒவ்வொரு பக்கமும் 150 வாட் தாங்கும். ஒரே பெட்டியை இரண்டு கிட்டார்காரர்கள் பகிர்ந்துகொள்ளவும் முடியும். பெட்டியில் உள்ள சுவிட்ச் சரியான பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில ஆம்ப்புகளில் பிரிட்ஜ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே பெரிய சேனலாக்கும். கேட்க ஆசையாக இருக்கும். அந்த நிலையில் 8 ஓம் பெட்டியைப் போட்டால் ஒவ்வொரு சேனலும் 4 ஓமைச் சுமக்கிறது. 4 ஓம் பெட்டியைப் போட்டால் 2 ஓமைச் சுமக்கிறது. கம்பி இரண்டும் சிவப்பு முனைகளுக்குப் போகும். எந்தக் கம்பியும் தரையோடு சேராது. அதனால் ஜாக்கின் உலோகச் சட்டை ராக் இரும்பிலோ இன்னொரு ஆம்ப்பின் உடலிலோ பட்டால் குறுக்குச் சுற்று ஆகிவிடும். கிட்டார் பெட்டிக்குப் பிரிட்ஜ் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. 12 அங்குல ஸ்பீக்கருக்கு அவ்வளவு வாட் தேவையே இல்லை.

இனி, நம் ஊருக்கென்றே உள்ள ஓர் ஆபத்து. இதை ஆலய நிர்வாகத்து ஐயாமார்களும் கேட்க வேண்டும்.

நம் தோட்டத்துக் கோவில்களில் குழாய் ஒலிபெருக்கிக்கு ஓர் ஆம்ப் இருக்கும். அதன் பின்னால் வரிசையாகத் திருகு முனைகள் இருக்கும். காம், 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட். கோவிலிலிருந்து லயத்துக் கடைசி வீடு வரை நீண்ட கம்பி இழுக்க வேண்டும் என்பதால், மின்னழுத்தத்தை 100 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு குழாயின் பின்னாலும் ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் அதை மறுபடி இறக்கிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. நீண்ட தூரம் ஓடினாலும் சத்தம் அதிகம் தேயாது.

திருவிழா இரவில் கச்சேரி வைக்கிறோம். கிட்டார் தம்பியின் ஆம்ப் வரவில்லை. கோவில் ஆம்ப்பில் மாட்டு என்று யாரோ சொல்கிறார்கள். கம்பி ஏற்கனவே 100 வோல்ட் முனையில் இருக்கிறது, அதே இடத்தில் கிட்டார் பெட்டியைச் சேர்த்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100ஐ 100ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 1,250 வாட். 120 வாட் ஆம்ப்பிடம் 1,250 வாட் கேட்கிறோம். அந்த ஆம்ப் 100 வோல்ட் முனையில் 83 ஓமுக்குக் குறையாத சுமையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. நாம் கொடுப்பதோ 8 ஓம். ஆம்ப் உடனே தன்னைக் காத்துக்கொண்டு நின்றால் நல்லது. இல்லையென்றால் ஆம்ப்போ பெட்டியோ கருகும். மறுநாள் பூசைக்கு மைக் இல்லை.

அதே ஆம்ப்பில் காம், 8 ஓம் என்ற இரண்டு முனைகளில் 8 ஓம் கிட்டார் பெட்டியைச் சேர்த்தால் வேலை செய்யும். ஆனால் அப்போது 100 வோல்ட் முனையிலிருந்து குழாய்களைக் கழற்றிவிட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஆகாது. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்பார்மர் உள்ள குழாயை 100 வாட் ஸ்டூடியோ ஆம்ப்பில் மாட்டினால் கெட்டுப்போகாது, முனகும். அதற்கு வேண்டியது 100 வோல்ட், கிடைப்பது 28. சக்தியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வெளியே வரும். ஆம்ப் பழுது என்று நினைத்துக்கொண்டு கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள்.

கம்பியைப் பற்றிச் சுருக்கமாக. கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவே ஓடும் கேபிளை ஆம்ப்புக்கும் பெட்டிக்கும் நடுவே போடாதீர்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றாக இருக்கும், ஜாக்கும் ஒன்றே. உள்ளே கிட்டார் கேபிளின் கம்பி நூல் போல மெல்லியது, சுற்றிலும் வலை. அதில் பல ஆம்பியர் ஓடினால் சூடேறி உருகும், வலையோடு ஒட்டும், ஆம்ப்புக்குக் குறுக்குச் சுற்று. வீட்டு விளக்குக்கு இழுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள, இழை இழையாக வளையக்கூடிய இரட்டைக் கம்பி போதும். தூரம் 10 மீட்டரைத் தாண்டினால் 2.5 எடுங்கள். 4 ஓம் பெட்டிக்கு 1.5 அளவில் 10 மீட்டர் இழுத்தால் போகவும் வரவுமாக 0.23 ஓம் சேரும், சக்தியில் இருபதில் ஒரு பங்கு கம்பியிலேயே போய்விடும். ஜாக்கை ஆம்ப் ஓடும்போது செருகவும் பிடுங்கவும் கூடாது, நுழையும் அந்தக் கணத்தில் முனைகள் தொட்டுக்கொள்ளலாம். நியூட்ரிக் நிறுவனத்தின் ஸ்பீக்கான் இணைப்பான் இந்தத் தொல்லைக்காகவே வந்தது. பழைய பெட்டிக்கும் அதைப் பொருத்திக்கொள்ளலாம்.

கிட்டாரை நேராகப் பவர் ஆம்ப்பில் செருகினால் வேலை நடக்காது. பிக்கப் தருவது மில்லிவோல்ட் கணக்கில். பவர் ஆம்ப் முழுச் சத்தம் தர எதிர்பார்ப்பது ஏறத்தாழ 1 வோல்ட். தவிர, பிக்கப்புக்கு எதிரே 10 இலட்சம் ஓம் வேண்டும். ஸ்டூடியோ ஆம்ப்பின் நுழைவில் இருப்பது 10,000 அல்லது 20,000 ஓம். அந்தச் சுமையில் மேல் ஸ்தாயி செத்துவிடும். நடுவே ஒரு ப்ரீஆம்ப் கட்டாயம் வேண்டும். தனி ப்ரீஆம்ப், ப்ரீஆம்ப் பெடல், இப்போது எல்லாரும் வைத்திருக்கும் மாடலர், எதுவானாலும் சரி. மாடலர் வைத்திருப்பவர்கள் அதில் ஸ்பீக்கர் பெட்டியைப் பாவனை செய்யும் பகுதியை அணைத்துவிடுங்கள். உண்மையான பெட்டி எதிரே நிற்கும்போது பாவனைப் பெட்டியும் சேர்ந்தால் ஒலி கம்பளியால் மூடியது போல மங்கிப்போகும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்டூடியோ ஆம்ப்பில் கிட்டார் வறட்சியாக ஒலிக்கிறது என்று சில தம்பிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். 8 ஓம் ஸ்பீக்கர் எல்லா ஸ்தாயியிலும் 8 ஓம் அல்ல. அதன் கூம்பு தானாக அதிர விரும்பும் இடத்தில், பெரும்பாலும் 80, 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில், தடை பல மடங்கு ஏறும். 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். வால்வு ஆம்ப்பின் வெளியீடு நெகிழ்வானது, தடை ஏறும் இடத்தில் மின்னழுத்தத்தையும் ஏற்றிக் கொடுக்கும். அதனால் கீழே ஒரு கனமும் மேலே ஒரு பளபளப்பும் தானாக வந்துவிடும். ஸ்டூடியோ ஆம்ப்போ எந்தத் தடையிலும் ஒரே மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும். கூம்பைத் தன் இஷ்டத்துக்கு ஆட விடாது. ஆகவே கேட்பது தட்டையாக இருக்கும். மருந்து எளிது. ப்ரீஆம்ப்பிலோ ஈக்வலைசரிலோ 100 ஹெர்ட்ஸில் மூன்று நான்கு டெசிபல், 3,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில் அதே அளவு கூட்டுங்கள். மாடலரில் பவர் ஆம்ப் பாவனை என்று தனியாக இருந்தால் அதை அணைக்க வேண்டாம், அது இந்த வேலையைத்தான் செய்கிறது.

இந்த வழி நம்முடைய வறுமைக்கு வந்த குறுக்கு வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழுவின் கிட்டார்காரர் ஜெர்ரி கார்சியா 1970களில் இதையேதான் செய்தார். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்பின் முன்பகுதியிலிருந்து ஒலியை வெளியே எடுத்தார். அதை மெக்கின்டோஷ் பவர் ஆம்ப்புக்குக் கொடுத்தார். வீட்டில் பாட்டுக் கேட்பவர்கள் உயர்வாக மதிக்கும் பெயர் மெக்கின்டோஷ். அதிலிருந்து 12 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர்கள். 1974இல் அந்தக் குழு மேடைக்குப் பின்னால் சுவர் போல அடுக்கிய மாபெரும் ஒலி அமைப்பிலும் இதே முறைதான் இருந்தது. குணத்தை முன்பகுதி கொடுத்தது, பலத்தை நேர்மையான பவர் ஆம்ப் கொடுத்தது, குரலை ஸ்பீக்கர் கொடுத்தது. நீங்கள் பழைய சாமான் கடையில் வாங்கிய ஆம்ப்பை வைத்துச் செய்யப் போவதும் அதே பங்கீடுதான்.

வால்வு ஆம்ப் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். இதுவரை சொன்ன தாராளம் உங்களுக்குப் பொருந்தாது. வால்வு ஆம்ப்பில் ஓமைப் பொருத்தியே ஆக வேண்டும். பெட்டி இல்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. ஓட்டினால் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

எத்தனை வாட் ஆம்ப் வாங்குவது? பெட்டி தாங்கும் வாட்டுக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ போதும். ஜி12டி-75 ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் கத்தும். 50 வாட்டுக்கு 114 டெசிபல். மண்டபத்துக்கு அது தாராளம். உண்மையில் கிட்டார் ஸ்பீக்கரைக் கொல்வது கிட்டார் அல்ல. கச்சேரி நடுவில் கீபோர்டுக்காரரின் ஸ்பீக்கர் போய்விடும், கிட்டார் பெட்டியில் சேர்த்துக்கொள்வார்கள். பேஸ் கிட்டாரும் சேரும், டிரம் மெஷினும் சேரும். கிட்டாரின் கீழ்க்கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ். அங்கே கிட்டார் கூம்பு சத்தம் போட முடியாமல் முன்னும் பின்னும் துள்ளும், காயில் இடித்துக் கிழியும். ஸ்டூடியோ ஆம்ப் 20 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதால், இங்கே அதன் நேர்மையே எமனாகிறது. மிக்ஸரிலோ ஆம்ப்பிலோ கீழ் ஸ்தாயியை வெட்டும் சுவிட்ச் இருந்தால் 75, 80 ஹெர்ட்ஸில் போட்டுவையுங்கள். குரலையும் கீபோர்டையும் பி.ஏ. ஸ்பீக்கரில் விடுங்கள்.

பழைய ஆம்ப் வாங்கும்போது இன்னொன்று. ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமானில் பல 100 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தவை. அமெரிக்காவிலிருந்து வருபவை 120 வோல்ட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தகட்டைப் படிக்காமல் நேராகச் செருகினால் முதல் நொடியிலேயே போய்விடும். பொருத்தமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதன் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். வாங்கிய ஆம்ப்பை உடனே நல்ல பெட்டியில் மாட்ட வேண்டாம். வெளியீட்டு முனைகளில் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் வரை காட்டினால் குற்றமில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் உள்ளே டிரான்சிஸ்டர் போயிருக்கிறது. அந்த நேர் மின்சாரம் ஸ்பீக்கர் காயிலைப் பொசுக்கிவிடும்.

மல்டிமீட்டர் இன்னொரு வேலைக்கும் உதவும். பெட்டியில் எழுதிய ஓம் அழிந்திருந்தால், ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு ஜாக்கில் அளந்து பாருங்கள். 6 அல்லது 7 காட்டினால் அது 8 ஓம் பெட்டி. 12, 13 காட்டினால் 16 ஓம். 3 சொச்சம் காட்டினால் 4 ஓம். மீட்டர் எப்போதும் குறைத்துத்தான் காட்டும். இரண்டு பெட்டி வைத்திருப்பவர்கள் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் நேர்முனையை ஜாக்கின் நுனியில் வைத்தால் இரண்டு பெட்டியிலும் கூம்பு ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயும் போனால் ஒன்றின் கம்பி மாறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் கீழ் ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடும்.

மின் பாதுகாப்பில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. ஹம் என்ற இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றுகிறார்கள். கழற்றாதீர்கள். கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு, காலடியில் ஈரத் தரை. எர்த் இல்லாத ஆம்ப்பில் பழுது வந்தால் மின்சாரம் போக வழி அந்தப் பிள்ளையின் உடம்புதான். மேடையில் எல்லாக் கருவிக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள், பாதி இரைச்சல் அதிலேயே போகும். மீதிக்கு டிரான்ஸ்பார்மர் வைத்த டி.ஐ. பெட்டி இருக்கிறது. மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மண்டபத்து ஈ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானைக் கச்சேரிக்கு முன் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சாயங்கால இடி தொடங்கினால் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

ராஜா மூசா சதுப்புக் காடு பக்கத்தில் இருக்கும் ஊர் இது, காற்றில் எப்போதும் ஈரம். காகிதக் கூம்பு ஈரத்தை உறிஞ்சும், பூசணம் பிடிக்கும். பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் கட்டை மேல் வையுங்கள். ஆம்ப்பைத் துணி போட்டு மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள், விசிறி இல்லாத ஸ்டூடியோ ஆம்ப்புகள் பக்கத்துத் துடுப்புகள் வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. முடுக்கும்போது ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். நிறுத்தும்போது பவர் ஆம்ப் முதலில்.

காதையும் மறக்காதீர்கள். இந்த நாட்டில் 2019இல் வந்த வேலையிட இரைச்சல் விதிமுறை ஒரு நாள் முழு வேலைக்கு 85 டெசிபலை எல்லையாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்ற கணக்கில் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பெட்டிக்கு ஒரு மீட்டரில் நின்று 114 டெசிபலில் ஒத்திகை பார்க்கும் தம்பி, 40 வயதில் தன் கிட்டாரின் மேல் ஸ்தாயியைக் கேட்க மாட்டான். பெட்டியைச் சாய்த்துக் காதை நோக்கி வையுங்கள். முழங்காலை நோக்கி வைத்துவிட்டுக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டாதீர்கள். 12 அங்குலக் கூம்பின் கூர்மை நேர் எதிரே நிற்பவருக்குத்தான் போகும்.

ஆலய நிர்வாகத்து ஐயாமார்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த திருவிழாவுக்கு முன் உரிமம் பெற்ற ஒரு வயர்மேனை அழைத்து மண்டபத்தின் எர்த்தையும் ஈ.எல்.சி.பி.யையும் சோதித்துவிடுங்கள். கோவில் ஆம்ப்பின் 100 வோல்ட் முனைக்கு மேலே, குழாய்க்கு மட்டும் என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். தம்பிகளே, தங்கைகளே, இந்த வாரம் உங்கள் குழுவிலுள்ள ஒவ்வொரு பெட்டியையும் திருப்பி அளந்து, ஓமையும் வாட்டையும் அழியாத மையில் பின்னால் எழுதிவையுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், மீட்டரைக் கொண்டுவந்திருக்கிறேன்.